ஐந்து அங்குலம்

கடைக்காரன் முதலில் எட்டு அங்குலத்தைத்தான் காட்டினான்.
ஷார்ஜா, ரோலா, வெள்ளிக்கிழமைக் கூட்டம்.
கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம்
அத்தர் வாசனையும் பஸ் ஹாரனும் உள்ளே வந்து போயின.
அடிவயிற்றில் இடித்தது பேஸ்.
என் பாட்டுகூட
யாரோ பெரிய ஆள் பாடியதுபோல் நிமிர்ந்து நின்றது.
அதனாலேயே வேண்டாம் என்றேன்.

என் அறை எட்டுக்குப் பத்து.
பிளைவுட் தடுப்புக்கு அந்தப்பக்கம் தவசிலிங்கம் அண்ணன்.
இந்தப்பக்கம் கட்டிலை ஒதுக்கினால் மேசை,
மேசையை மடித்தால்தான் தொழ இடம்.
இங்கே எட்டு அங்குலம்
தண்ணீர்த் தொட்டியில் விட்ட திமிங்கிலம்.

மூன்று அங்குலம் மலிவுதான். நூற்றெண்பது திர்ஹம்.
ஆனால் மிருதங்கத்தில்
வலந்தலை மட்டும் வேலைக்கு வந்திருந்தது,
தொப்பி லீவில் ஊருக்குப் போய்விட்டது.

கடைசியில் அல் நஹ்தாவில் ரோமெல்.
விசா கேன்சல். வியாழக்கிழமை மணிலாவுக்கு விமானம்.
ஐந்து அங்குலம், ஜோடி, நானூற்றைம்பது.
பின்பக்கம் துளையில்லை, முன்னால் மூச்சுவிடும் ஜாதி;
சுவரை ஒட்டி வைத்தாலும் குழம்பாது.
வலதில் மட்டும் ஒரு சீறல்,
ஆளில்லாத அடுப்பில் சூடேறும் தண்ணீர்போல்.
"அது ராத்திரியில்தான் கேட்கும், பிரதர்."
எனக்கு இருப்பதே ராத்திரிதான் என்று
அவனிடம் சொல்லவில்லை.
முப்பது குறைத்துக் கேட்டேன்.
வெறுமையான அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு
தலையாட்டினான்.

நான் டக்ட் வேலைக்காரன்.
கோபுரங்களுக்குக் குளிர் கொண்டுபோகும் தகரக் குழாய்களில்
கண்ணாடிப் பஞ்சு ஒட்டுகிறேன்.
காற்று சத்தமில்லாமல் போய்ச்சேர வேண்டும்,
அதற்குத்தான் சம்பளம்.
மிஞ்சிய துண்டுகளை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கி
பழைய லுங்கியில் வைத்துத் தைத்து
மூலைக்கொன்றாக நிறுத்தினேன்.
கை மூன்று நாள் அரித்தது.
பெயின்ட் டின் இரண்டு, மேலே செருப்பு ரப்பர்,
ட்வீட்டர் காது உயரத்துக்கு.
நூல் பிடித்து அளந்தேன்:
அதற்கும் இதற்கும் மூன்றடி, எனக்கும் அதே மூன்றடி.

நல்ல ஸ்பீக்கர் என்றால்
நன்றாகக் கேட்கவைப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.
இது லேபர் ஆபீஸ் கவுண்டர்.
சிரிக்காது.
காகிதத்தில் இருப்பதை மட்டும் படிக்கும்.
பல்லவியில் என் ளகரம் லகரமாகச் சரிந்திருந்தது.
சரணத்தில் சுருதி ஒரு மயிரிழை கீழே.
ஐந்து மாதமாக இயர்போன்
என்னிடம் அன்பாகப் பொய் சொல்லியிருக்கிறது.

அப்புறம்
இரண்டு நிமிடம் பதினொன்றாவது நொடியில்,
நான் மூச்செடுக்கும் இடைவெளியில்,
வேறொரு குரல்.

திருப்பிப் போட்டேன். மறுபடியும்.
தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து, போனில்:
"சாப்பிட்டேன். மீன்குழம்பு.
இல்லம்மா, நிஜமா சாப்பிட்டேன்."

அது ஏப்ரலில் பதிந்தது.
ஏப்ரலில் தவசிலிங்கம் அண்ணனுக்கு
மூன்றாவது மாதமாகச் சம்பளம் வரவில்லை.
வயிறு சரியில்லை என்று
மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.
நான் அந்த வாரம் முழுக்க
ரிவெர்ப் எவ்வளவு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அழிப்பது சுலபம்.
இரண்டு வெட்டு, ஒரு இழுப்பு.
மவுஸில் விரலை வைத்தபடி இருந்தேன்.

பிளைவுட்டில் இரண்டு தட்டு.
"தம்பி, மணி ஒண்ணு. நாலரைக்கு எனக்கு பஸ்.
அந்த தொம்தொம்மைக் கொஞ்சம் குறை."

குறைத்தேன்.
"அண்ணே," என்றேன், "சாப்டீங்களா?"

சிறிது நேரம்
வலது ஸ்பீக்கரின் சீறல் மட்டும்.

"இந்த நேரத்துல என்னடா கேள்வி" என்றார்.
கட்டில் கிறீச்சிட்டது.
அவர் புரண்டு படுக்கவில்லை,
எழுந்து உட்கார்ந்தார்.
அதுவரை துல்லியமாகக் கேட்டது.